சிங்கப்பூரில் எங்கள் கால்வாயோரப் புல்வெளி குறித்து நகர மன்றத்திற்குத் திறந்த மடல்

எங்கள் வட்டார நகர மன்றத்தின் தலைவர் அவர்களுக்கும், நிலவனப்புப் பராமரிப்புக்குப் பொறுப்பேற்றுள்ள அதிகாரிகளுக்கும்,

சென்ற மாதம் எங்கள் புளோக்குகளின் மின்தூக்கி முகப்புகளில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பை முன்னிட்டு இம்மடலை எழுதுகிறேன். கால்வாயை ஒட்டிச் செல்லும் பூங்கா இணைப்புப் பாதையின் இருபுறமும் வளர்ந்திருக்கும் புல் இனி மாதம் இருமுறை தரைமட்டத்துக்கு வெட்டப்படும் என்றும், பாதைக்கு அப்பால் நிற்கும் அகேசியா மரங்களின் தாழ்ந்த கிளைகள் அகற்றப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அறிவிப்பு ஒட்டப்பட்ட அதே வாரத்தில் முதல் வெட்டு நடந்து முடிந்துவிட்டது. கருத்துக் கூற எவருக்கும் அவகாசம் தரப்படவில்லை. நான் மின்னஞ்சலில் அனுப்பிய கேள்விகளுக்கு உங்கள் அலுவலகம் அளித்த பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பாதையில் நடக்கும் எல்லாருக்கும் தெரிய வேண்டிய செய்தி இது என்பதால், இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் பொதுவில் வைக்கிறேன்.

உங்கள் பதிலில் அந்த நிலம் ‘பராமரிப்பின்றி விடப்பட்ட பகுதி’ என்று குறிப்பிடப்பட்டுள்ளது. என் மறுப்பு இங்கிருந்தே தொடங்குகிறது. ஓய்வு பெற்ற பிறகு பெரும்பாலான காலைகளில் நான் அங்கே நடக்கிறேன். பள்ளி விடுமுறைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய தாத்தா பாட்டிமாரும் உடன் வருவார்கள். ஆளுக்கொரு தொலைநோக்கி கிடையாது; இருப்பதைக் கைமாற்றிக்கொள்வோம். நாங்கள் அங்கே பார்ப்பவற்றைப் பார்க்க வேறு சிலர் பேருந்து மாறி, தொலைவில் உள்ள சதுப்புநிலங்களான கிராஞ்சிக்கும் சுங்கை பூலோவுக்கும் போகிறார்கள். லாலாங் எனப்படும் நெடும்புல்லின் தண்டில் தொற்றிக்கொண்டு விதை உருவும் புள்ளிச் சில்லைகள், புதருக்குள் கனத்த குரலில் கூப்பிடும் செம்போத்து, கம்பத்தின் உச்சியில் காவல் இருக்கும் கீச்சான், செப்டம்பரில் வந்து ஏப்ரல் வாக்கில் வடக்கே திரும்பும் நீலவால் பஞ்சுருட்டான்கள், காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே எலி தேடும் கருந்தோள் பருந்து, அதிர்ஷ்டம் இருந்தால் கால்வாயில் குடும்பமாக நீந்தும் நீர்நாய்கள். இவை அத்தனையும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த அகேசியா மரங்களில் தூக்கணாங்குருவிகள் இருந்தன.

இந்தக் குருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல என்னை அனுமதியுங்கள். நீங்கள் எடுத்த முடிவு எதை அழித்தது என்பது அதன் வாழ்க்கை முறை தெரிந்தால்தான் விளங்கும்.

கூட்டைக் கட்டுவது ஆண் குருவி. அது உயரமான புல்லில் அமர்ந்து, இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, அந்த முனையைக் கவ்விக்கொண்டு மேல்நோக்கிப் பறக்கும். இலை நெடுக நார் போலக் கிழிந்து வரும். ஒரு கூட்டுக்கு இப்படி நூற்றுக்கணக்கான நார்கள் தேவைப்படுகின்றன. முதலில் கிளை நுனியில் சில நார்களைச் சுற்றி முடிந்து தொங்கவிடும். அதிலிருந்து ஒரு வளையம் செய்யும். வளையத்தின் ஒரு பக்கத்தை வளர்த்து, கவிழ்த்த தொப்பி போன்ற நிலைக்குக் கொண்டுவரும். அந்த நிலையில் வேலையை நிறுத்திவிட்டு, வளையத்தில் தொங்கியபடி சிறகடித்துப் பெண் குருவிகளை அழைக்கும். பெண் குருவி உள்ளே வந்து பின்னலை இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும், ஆண் மீதிக் கூட்டை முடித்து, கீழ்நோக்கிய குழல் வாயிலையும் பின்னும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அரைகுறையாகவே விடப்படும். ஆண் இன்னொன்றைத் தொடங்கும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1930இல் மும்பைக்கு அருகே இந்தக் குருவிகளின் கூட்டத்தைப் பொறுமையாகக் கவனித்து இந்த ஒழுங்கை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அவர் கண்டதை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் தங்கள் கண்ணால் கண்டார்கள்.

இதில் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டியது புல்லின் நீளம். கணுக்கால் உயரத்துக்கு வெட்டிய புல்லிலிருந்து ஒரு சாணுக்குமேல் நார் கிழிக்க முடியாது. ‘கூடுகள் உள்ள மரங்கள் வெட்டப்படமாட்டா, கிளைகள் மட்டுமே கழிக்கப்படும்’ என்று உங்கள் பதில் எனக்கு ஆறுதல் கூறுகிறது. மரம் முழுவதையும் விட்டுவைத்தாலும், அதைச் சுற்றியுள்ள புல் மாதம் இருமுறை மழிக்கப்பட்டால் அங்கே கூடு கட்டப் பொருள் இல்லை. விதையில்லாததால் உணவும் இல்லை. புழுவும் பூச்சியும் இல்லாததால் குஞ்சுக்கு ஊட்டுவதற்கும் எதுவும் இல்லை. மரத்தையும் புல்லையும் தனித்தனி வேலைகளாக உங்கள் ஒப்பந்தம் பிரித்துவைத்திருக்கிறது. குருவிக்கு அவை ஒரே இடம்.

அடுத்தது காலம். தொப்பி நிலையில் பெண் குருவி ஒரு கூட்டை ஏற்றுக்கொண்ட பின், ஆண் அதை முடிக்கச் சில நாள்கள் ஆகும். முட்டைகள் பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேற மேலும் இரண்டு வாரத்துக்கு மேல். ஆக, ஒரு கூடு முழுமையாகப் பயன்பட ஐந்து ஆறு வாரங்கள் வேண்டும். மாதம் இருமுறை வெட்டு என்றால், ஒரு குடும்பம் வளர்ந்து முடிவதற்குள் இயந்திரம் இரண்டு மூன்று முறை அதன் அடியில் வந்து போகும். ஒரே மரத்தில் எல்லாக் கூடுகளும் ஒரே நேரத்தில் தொடங்குவதும் இல்லை. ஒன்றில் குஞ்சு பறக்கத் தயாராக இருக்கும்போது பக்கத்தில் இன்னொன்று வளையமாகத்தான் தொங்கும். ஆகவே, எந்த வாரத்தில் வெட்டினாலும் ஏதோ ஒரு கூடு பாதிக்கப்படும்.

முதல் வெட்டு நடந்த காலையில் என்ன நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். கால்வாய்ப் பக்கமாகச் சாய்ந்திருந்த பெரிய அகேசியாவின் தாழ்ந்த கிளைகள் அறுக்கப்பட்டுப் பாதையோரம் குவிக்கப்பட்டிருந்தன. அவற்றில் 20க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. பச்சை மாறாத புதுக் கூடுகளும், காய்ந்து பழுப்பேறியவையும் கலந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். குழல் நசுங்கியிருந்தது, ஆனால் முட்டையறை சிறிதும் குலையவில்லை. வெளியே நார்களின் முனைகள் சொரசொரப்பாக நீட்டிக்கொண்டிருந்தாலும், உட்புறம் விரல் வழுக்கும் அளவுக்கு நெருக்கமாகப் பின்னப்பட்டிருந்தது. அறையின் சுவரில் களிமண் அப்பியிருந்தது. ஆண் குருவி ஈரமண்ணை அலகில் கொண்டுவந்து அப்பும் என்று படித்திருக்கிறேன், அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். அறைக்கும் குழலுக்கும் நடுவே, முட்டை உருண்டு விழாமல் தடுக்கும் வரம்பு ஒன்று இருந்தது. அதற்கு அப்பால் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் இறந்து கிடந்தன. மேலே பெண் குருவிகள் அலகில் வெட்டுக்கிளியோடு உட்கார்ந்திருந்தன. கிளைகள் லாரியில் ஏற்றப்பட்டுப் போன பிறகும் அவை அங்கேயே இருந்தன.

அந்த வேலையைச் செய்த தொழிலாளர்களைப் பற்றி நான் குறை கூறவில்லை. அவர்களைப் பற்றி எந்தப் புகாரையும் நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, முதுகில் இயந்திரம், காதில் அடைப்பான், முகத்தில் கவசம். அவர்களுக்குக் கூடு எங்கே, குஞ்சு எங்கே என்று பார்க்க யார் நேரம் கொடுத்தார்கள்? அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நான் கையில் கூட்டோடு நின்றதைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். “அம்மா, எங்க ஊர்ல பனைமரம் பூரா இது தொங்கும். நாங்க யாரும் கை வைக்க மாட்டோம். இங்க வெட்டச் சொன்னா வெட்டித்தானே ஆகணும்” என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் உங்கள் பதிலில் எங்கும் இல்லை. கூட்டைக் கண்டால் அந்த மரத்தை விட்டுவிட்டு நகரலாம், அதற்காகச் சம்பளம் பிடிக்கப்படாது என்று ஒரே ஒரு வரி அவர்களுடைய வேலைக் குறிப்பில் இருந்திருந்தால், அந்தக் குஞ்சுகள் இன்று பறந்துகொண்டிருக்கும்.

உங்கள் அலுவலகம் மூன்று காரணங்களைக் கூறியிருந்தது: கொசு, பாம்பு, தோற்றம்.

கொசுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. பூந்தொட்டித் தட்டு, வாளி, அடைத்துக்கொண்ட வடிகால் ஆகியவற்றைக் கவனிக்கும்படி தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடு வீடாக வந்து சொல்லித் தருகிறது. புல்லுக்குள் யாரேனும் வீசிய பிளாஸ்டிக் குவளையில் நீர் தேங்கலாம் என்பது உண்மை. குவளையைப் பொறுக்குவதே அதற்கான வழி. நாங்கள் நடக்கும்போதெல்லாம் பொறுக்குகிறோம். இதற்காக ஒரு குழுவே அமைத்துத் தரவும் தயாராக இருக்கிறோம்.

பாம்பு பற்றிய அச்சத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வட்டாரத்தில் முதியவர்கள் அதிகம். அதிகாலை இருட்டில் நடப்பவர்களும் உண்டு. இந்தத் தீவில் நாகமும் இருக்கிறது, மலைப்பாம்பும் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் இதுவரை பிடிபட்டவை பெரும்பாலும் கால்வாய்களிலும் மூடிய வடிகால்களிலும் எலியைத் தேடி வந்த மலைப்பாம்புகள்தாம். புல்லை மழித்தால் வடிகாலில் எலி குறையப்போவதில்லை. பாதையில் நடப்பவருக்குத் தரை தெரிய வேண்டும், அது நியாயமான கோரிக்கை. பாதையின் இருபுறமும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வைத்திருந்தால் அது நிறைவேறிவிடும். விளையாட்டு மைதானத்தையும் பேருந்து நிறுத்தத்தையும் ஒட்டிய புல்லை நீங்கள் முழுவதும் வெட்டுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வறண்ட மாதங்களில் லாலாங் தீப்பிடிக்கும் என்ற கவலையையும் நான் ஏற்கிறேன். 2014 பிப்ரவரியில் மழையே இல்லாமல் புல்வெளிகள் வைக்கோலாகிப் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். அத்தகைய காலத்தில் கட்டடங்களை ஒட்டி அகலமான வெட்டுப் பட்டை போடுவது சரியே. பாதையிலிருந்து கால்வாய்ச் சரிவு வரை உள்ள மீதி நிலத்துக்கு இந்தக் காரணங்களுள் எதுவும் பொருந்தவில்லை.

எஞ்சுவது தோற்றம். ‘குடியிருப்பாளர்கள் சிலர் பகுதி அலங்கோலமாக இருப்பதாகத் தெரிவித்துள்ளனர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய கருத்துக்கும் மதிப்புண்டு. ஆனால் 2020இல் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். கோவிட்-19 பரவலைத் தடுக்க ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டியிருந்த கிருமி முறியடிப்புக் காலத்தில் புல்வெட்டும் பணி தீவெங்கும் நின்றுபோனது. அந்த வாரங்களில் சாலையோரங்களில் இடுப்பளவுக்குப் புல் எழுந்தது, தொட்டாற்சிணுங்கியும் வெட்டுக்காயப்பூண்டும் பூத்தன, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள், கிடைத்த சிறிது நேரத்தில் நடக்க வந்தபோது, அதைப் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். புல்லை இப்படியே விடுங்கள் என்று எழுதியவர்களும் பலர். எங்கள் கால்வாயோரத்துக்குச் சில்லைகள் பெருங்கூட்டமாக வந்தது அந்த ஆண்டில்தான். ஒவ்வொரு நாளும் கவலையோடு விடிந்த அந்தக் காலத்தில், என்னைப் போன்ற தனித்து வாழும் முதியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு காரணமாக அந்தப் புல்வெளி இருந்தது. அதை ‘அலங்கோலம்’ என்று அன்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

தோற்றத்துக்காக வெட்டும்போது வேறொன்றும் நடக்கிறது. மழித்த புல்தரையை மிகவும் விரும்பும் பறவை ஜாவா மைனா. 1920களில் கூண்டுப் பறவையாக இங்கே கொண்டுவரப்பட்டுப் பெருகிய இனம் அது. இன்று தீவில் மிக அதிகமாகக் காணப்படும் பறவைகளுள் ஒன்று. குட்டைப் புல்லில் நடந்து நடந்து புழு பொறுக்குவது அதற்கு எளிது. முதல் வெட்டு முடிந்த மறுநாளே அந்த நிலம் முழுவதும் மைனாக்கள் இறங்கிவிட்டன. மாலையில் மரங்களில் கூடி இரையும் மைனாக்களைப் பற்றிக் குடியிருப்பாளர்கள் உங்களிடம் அடிக்கடி புகார் செய்கிறார்கள் என்பதையும், அவற்றை விரட்டக் கிளை கழிப்பதற்கு நீங்கள் செலவிடுகிறீர்கள் என்பதையும் உங்கள் அறிவிப்புகளிலிருந்தே அறிகிறேன். சில்லையும் தூக்கணாங்குருவியும் பஞ்சுருட்டானும் வாழ்ந்த நிலத்தை மைனாவுக்கு ஒப்படைத்துவிட்டு, பிறகு மைனாவை விரட்டவும் பொதுப்பணத்தைச் செலவிடுவது எந்த வகையில் பராமரிப்பு ஆகும்?

தரையில் முட்டையிடும் பறவைகளைப் பற்றி உங்கள் பதில் ஒரு சொல்லும் பேசவில்லை. சிவப்பு மூக்கு ஆள்காட்டி எங்கள் பகுதியில் இரண்டு ஆண்டுகளாகக் காணப்படுகிறது. கூடு என்று எதுவும் கட்டாது. தரையில் சிறு பள்ளத்தில், கூழாங்கல்லிலிருந்து பிரித்தறிய முடியாத நிறத்தில் முட்டையிடும். யாராவது நெருங்கினால் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தும். காதடைப்பான் அணிந்து இயந்திரம் சுமப்பவருக்கு அந்தக் கத்தல் கேட்காது. பக்கிக்குருவி அதைவிடப் பரிதாபம். பகல் முழுவதும் தரையோடு தரையாகக் கண்மூடிக் கிடக்கும். மிதிபடப் போகும் கணம்வரை எழாது. அதன் காப்பு முழுவதும் அசையாமல் இருப்பதில்தான் இருக்கிறது, அதுவே கத்தி சுழலும்போது அதற்கு எமனாகிறது. வெட்டுக்கு முன் அந்தி நேரங்களில் அதன் குரலை நாங்கள் தவறாமல் கேட்டோம். அதன் பிறகு கேட்கவில்லை.

அந்த நிலம் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 735 சதுர கிலோமீட்டர் கொண்ட தீவில் எந்தக் காலி இடமும் ஏதோ ஒரு திட்டத்தின் வரைபடத்தில் இருக்கும் என்பதை அறிவேன். என் பேரப்பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். அங்கே ஒரு நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளோ பள்ளியோ எழலாம். அப்போது அதற்குரிய சுற்றுச்சூழல் ஆய்வும் கலந்தாலோசனையும் நடக்கும் என்று நம்புகிறேன். ஆனால் இப்போது அங்கே கட்டப்படப்போவது எதுவும் இல்லை. எந்தத் தேவைக்காகவும் அல்லாமல், வெட்டுவதற்கென்றே வெட்டப்படுகிறது. இத்தனை ஆண்டு அந்த நிலம் உங்களுக்கு எந்தச் செலவும் வைக்காமல் பறவைகளை வாழவைத்தது. இனி மாதம் இருமுறை பணம் செலவழித்து அதை வெறுமையாக்கப் போகிறீர்கள்.

இந்நாட்டில் மக்கள் எடுத்துச் சொன்னதைக் கேட்டு அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்ட நல்ல மரபு உண்டு. 1986இல் பறவை ஆர்வலர்கள் சுங்கை பூலோவின் கைவிடப்பட்ட இறால் பண்ணைகளில் வலசைப் பறவைகளைக் கண்டு எழுதியதன் விளைவாகத்தான் 1993இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் இயற்கை வனக்காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உபின் தீவின் கடலோரச் சதுப்பான செக் ஜாவாவில் கடலைத் தூர்க்கும் திட்டம் 2001 இறுதியில், ஏறக்குறைய கடைசி நேரத்தில், ஒத்திவைக்கப்பட்டது. அவற்றோடு ஒப்பிடுகையில் நான் கேட்பது மிகச் சிறியது. சுங்கை பூலோவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது சேற்றுக்கும் சதுப்புக்கும் மதிப்புண்டு என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டதால். காட்டுக்கும் கண்டல் மரத்துக்கும் கிடைத்துவிட்ட அந்த மதிப்பு, உயர்ந்து வளர்ந்த சாதாரணப் புல்லுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2020 முதல் நாடெங்கும் பத்து லட்சம் மரங்கள் நடும் இயக்கம் நடந்துவருகிறது; அதில் எங்கள் குடியிருப்பாளர்களும் பங்கேற்றார்கள், மகிழ்ச்சி. ஆனால் தூக்கணாங்குருவிக்கும் சில்லைக்கும் புதிய மரம் புல்வெளிக்கு ஈடாகாது.

2020இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் பொதுமக்களாகிய எங்களைக் கட்டுப்படுத்துகிறது: காட்டுயிருக்கு உணவிடக் கூடாது, அனுமதியின்றிப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. அதை நாங்கள் மதிக்கிறோம். பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். கூட்டுக்கு அருகே போகக் கூடாது, பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கக் கூடாது, படத்துக்காகப் புழுவை வைக்கக் கூடாது என்று எங்கள் நடைகளில் விதி வைத்திருக்கிறோம். குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதையைத் தமிழ் வகுப்பில் கேட்டிருந்த பிள்ளைகள், அந்தக் குருவி நிஜத்தில் நம் கால்வாயோரத்தில் இருக்கிறது என்று அறிந்தபோது பாதையைவிட்டு ஓரடிகூட உள்ளே வைக்காமல் நின்று பார்த்தார்கள். வெட்டுக்குப் பிறகு, கூடுகளை எடுத்துப் போனவர்கள் யார் என்று அவர்களுள் ஒரு சிறுமி கேட்டாள். நகர மன்றம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். உங்கள் பதிலை அவளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உங்களிடம் பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வெட்டுக்குக் குறிக்கப்பட்டுள்ள நாளை உடனே நிறுத்திவையுங்கள். மீதமுள்ள அகேசியாக்களில் இப்போதும் கூடுகள் உள்ளன. அவற்றில் குஞ்சுகள் இல்லை என்று பறவைகளை அறிந்த ஒருவர் உறுதிசெய்யும்வரை அங்கே இயந்திரம் இறங்கக் கூடாது. கிளை முறிந்து விழும் அபாயம் இருப்பதாகக் கருதினால், தகுதி பெற்ற மர ஆய்வாளரின் அறிக்கையைப் பெற்று, எந்தக் கிளை, என்ன காரணம் என்று குறிப்பிட்டு, அந்தக் கிளையை மட்டும் எடுங்கள். அகேசியா எளிதில் முறியும் மரம் என்பதை நான் மறுக்கவில்லை. கால்வாய்ச் சரிவின் மேல், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் தொங்கும் கிளை யார் தலையிலும் விழப்போவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பாதையோரப் பட்டையைத் தவிர்த்த மீதிப் புல்வெளியை மூன்றோ நான்கோ பகுதிகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும், ஆண்டுக்கு ஓரிரு முறைக்குமேல் போகாமல் வெட்டுங்கள். எப்போதும் ஒரு பகுதியிலாவது விதை பிடித்த நெடும்புல் நிற்க வேண்டும். எந்தப் பகுதியை எப்போது வெட்டுவது என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆலோசனையைப் பெற்று முடிவு செய்யுங்கள். அவர்களிடம் இதற்கான அனுபவம் உண்டு. கிராஞ்சியின் சதுப்புநிலத்தைச் சீரமைத்து 2016இல் மக்களுக்குத் திறந்தவர்கள் அவர்களே. தெம்பனிஸ் ஈக்கோ கிரீன் பூங்காவில் புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்து, நடுவே மக்கள் நடக்கப் பாதை விட்டிருப்பதும் அவர்களே. நம் மன்றத்தின் எல்லைக்குள் மட்டும் அது முடியாமல் போவதற்குக் காரணம் இல்லை.

புல்வெட்டும் குத்தகை அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது, இத்தனை முறை வெட்ட வேண்டும் என்ற விதியை எங்கள் கால்வாயோரத்துக்கு மட்டுமாவது நீக்கிவிடுங்கள். கூட்டையோ முட்டையையோ கண்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்து மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கும் உரிமையைத் தொழிலாளர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அதனால் அவர்களுடைய ஊதியத்திலோ குத்தகையாளரின் தொகையிலோ பிடித்தம் இருக்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தமிழிலும் வங்காளத்திலும் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும். தமிழில் எழுதித் தர நான் முன்வருகிறேன்.

இத்தகைய மாற்றங்களை இனிச் செய்வதற்கு முன், குறைந்தது ஒரு மாத அவகாசத்தோடு அறிவித்து, குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேளுங்கள். உயர்ந்த புல்லைக் கண்டு அஞ்சுபவர்களும் அந்தக் கூட்டத்துக்கு வரட்டும். அவர்களோடு பேச நாங்கள் தயங்கவில்லை.

உங்களுள் முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ள ஒருவரேனும், அடுத்த வெட்டு பற்றித் தீர்மானிக்கும் முன், ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கால்வாய்ப் பாலத்தருகே எங்களோடு நடக்க வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் போதும். எஞ்சியுள்ள கூடுகளையும், வெட்டிய பகுதியையும், வெட்டாத பகுதியையும் காட்டுகிறோம். நீங்கள் எடுக்கும் முடிவையும் அதற்கான காரணத்தையும் இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் தெரிவித்து, முந்தைய அறிவிப்பை ஒட்டிய அதே மின்தூக்கி முகப்புகளில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கால்வாயோரப் பாதையில் நடக்கும் குடியிருப்பாளர் ஒருவர்